சாப்பாட்டுக்கு முன் ஒரு சத்து மாத்திரை

கருணாகரன் கடலுக்குப் போயிருக்க வேண்டியவன். திருவொற்றியூர் குப்பத்தில் அவன் குடும்பத்து ஆண்கள் எல்லோரும் போட்டில் போனவர்கள்தான். இவன் மட்டும் இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்து, கரையிலேயே தங்கிவிட்டான். எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்தது. நாற்பது அடி உயரத்தில், காற்றில் ஆடுகிற கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தால் அவனுக்கு ஏனோ குமட்டவில்லை. பசித்தது.

அந்த யார்டில் மதியச் சாப்பாடு இலவசம். என்றோ நடந்த ஒரு வேலைநிறுத்தத்தின் முடிவில் சங்கத்துக்காரர்கள் விடாப்பிடியாக நின்று ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள்: 'உண்பவர் போதும் என்று சொல்லும்வரை பரிமாறப்படும்.' கையெழுத்துப் போட்ட முதலாளிக்கு அது ஒரு சாதாரண வரியாகத்தான் தெரிந்தது. கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறவர்கள் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை.

கேன்டீன் எடுத்திருந்த நெல்சனுக்குத்தான் அந்த வரியின் முழுப் பொருளும் தெரியும். அறுபது பேர் உட்காருவார்கள். ஒருவன் வாயிலிருந்தும் 'போதும்' வராது. அதிலும் கருணாகரன் தட்டை நீட்டினால் நெல்சனுக்குக் கரண்டி பிடித்த கை தானாகவே தளர்ந்துவிடும். மூன்றாவது தடவை சோறு வாங்கிய பிறகுதான் அவன் ரசம் எங்கே என்று கேட்பான். நஷ்டத்தை ஈடுகட்ட நெல்சன் சாம்பாரில் பருப்புப் போடுவதையே விட்டிருந்தார்.

நெல்சன் மாதாமாதம் மேனேஜர் திருமுருகனிடம் போய் அழுவார். திருமுருகன் ஆள் நிர்வாகம் பார்ப்பவர். எதைச் சொன்னாலும் அதைத் திரையில் படம் போட்டுக் காட்டித்தான் சொல்வார். ஒப்பந்தத்தில் கை வைத்தால் மறுபடி வேலைநிறுத்தம் வரும் என்பது அவருக்குத் தெரியும். நாலைந்து மாதம் யோசித்தார். பிறகு ஒரு நாள் குளிக்கும்போது அவருக்கு விடை கிடைத்தது. ஒப்பந்தத்தைத் தொடவே வேண்டாம். ஆட்களே 'போதும்' என்று சொல்லிவிட்டால் போதும்.

இந்த யோசனை வருவதற்கு அவருடைய மச்சினரும் ஒரு காரணம். நகரத்தின் பணக்காரப் பக்கத்தில் அந்த மச்சினர் உடம்பு மெலியவைக்கும் நிலையம் ஒன்றை நடத்தி நொடித்துப்போயிருந்தார். அவர் வீட்டு மாடியில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக மாத்திரை மிஞ்சிக் கிடந்தது.

ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை 'ஆரோக்கிய யார்டு' திட்டம் தொடங்கிற்று. திருமுருகன் திரையில் ஒரு சிவப்பு இதயத்தைத் துடிக்கவைத்துக் காட்டினார். "நீங்க நல்லா இருந்தாத்தான் கம்பெனி நல்லா இருக்கும்" என்றார். காலையில் டீயோடு ஆளுக்கொரு சத்து மாத்திரை. மாதக்கடைசியில் நன்றாக வேலை செய்கிறவருக்கு 'நட்சத்திரத் தொழிலாளி' பட்டம், வாசலில் போட்டோ. ரேகா என்று ஒரு நர்ஸை ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள். அவள் வாரம் ஒரு தடவை எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து நோட்டில் எழுதுவாள். எழுதிய பிறகு அந்த நோட்டை என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கம்பெனி சும்மா ஒன்றைக் கொடுத்தால் யார் வேண்டாமென்று சொல்வார்கள்? எல்லோரும் விழுங்கினார்கள்.

கருணாகரனுக்கு முதல் நாளே மண்டைக்குள் யாரோ எல்லா விளக்கையும் போட்டுவிட்டதுபோல் இருந்தது. கிரேனைவிட்டு இறங்கவே மனம் வரவில்லை. லாரிக்காரர்கள் கன்டெய்னரைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் இவன் கொக்கியை இறக்கித் தயாராக வைத்திருந்தான். மதியம் தட்டில் வாங்கிய சோற்றைப் பார்த்தான். அது ஏதோ வேறு யாருக்கோ வைத்த சோறு மாதிரி இருந்தது. நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, நெல்சன் காதால் கேட்கத் தவம் கிடந்த அந்தச் சொல்லைச் சொன்னான்.

"போதும்ணே."

நெல்சன் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார்.

கருணாகரனின் மனைவி நீலா காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்பவள். கல்யாணமாகிப் பதினாறு வருடம். அவன் அவளிடம் எத்தனையோ விஷயத்துக்கு முடியாது என்று சொல்லியிருக்கிறான். அவள் தம்பி வீட்டு விசேஷத்துக்கு வர முடியாது என்றிருக்கிறான், குடத்தைத் தூக்க முடியாது என்றிருக்கிறான். சோறு வேண்டாம் என்று மட்டும் சொன்னதில்லை.

"இன்னாய்யா, கொயம்பத் தொடவே இல்ல?"

"பசி இல்லமே."

"ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"சூப்பரா கீறன். நீ துன்னு."

மறுநாள் இறால் தொக்கு வைத்தாள். அதையும் அவன் ஓரமாக ஒதுக்கினான். அதற்கு மறுநாள், வாடிக்கைக்காரம்மா ஒருத்திக்கு எடுத்துவைத்திருந்த வஞ்சிரத்தில் நடுத்துண்டு இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து வறுத்து வைத்தாள். அவன் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா வெட்டிக்கிற" என்று சொல்லி எழுந்துவிட்டான். எழுந்தவன் சும்மா இருக்கவில்லை. மின்விசிறியைத் துடைத்தான். அலமாரியில் இருந்த பாத்திரங்களையெல்லாம் இறக்கி, பெரியது கீழே சின்னது மேலே என்று கன்டெய்னர் அடுக்குவதுபோல் அடுக்கினான். பேசிக்கொண்டே இருந்தான். துறைமுகத்தை எப்படி நடத்த வேண்டும் என்று அவளுக்கு ஒரு மணி நேரம் விளக்கினான். தூங்கப் போனால் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனதும், பக்கத்துக் கடை ராமசெல்வியிடம் நீலா இதைச் சொன்னாள். ராமசெல்வி நெத்திலியைக் கூறு கட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"ஆளு எளச்சிக்கிறானா?"

"ஆமா. பேன்ட்டு நிக்க மாட்டுது."

"பாட்டு கீட்டு பாடிகினு கீறானா?"

"பாடுறான்."

"அப்ப எவளோ சோறு போட்டுகினு கீறா. ஆம்பள வூட்ல துன்னலன்னா வெளிய துன்றான்னு அர்த்தம். இதுல யோசிக்கறதுக்கு இன்னா கீது?"

நீலாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இன்னொருத்தி வாயிலிருந்து கேட்டதும் உறுதியாகிவிட்டது. அவளுக்கு வந்த கோபத்தில் பாதி அந்தப் பெண் மேல் இல்லை. தன்னைவிட நன்றாக மீன்குழம்பு வைக்கிறவள் ஒருத்தி திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கிறாள் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை மதியம் கடையை ராமசெல்வியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கையில் ஒரு டிபன் கேரியரோடு ஷேர் ஆட்டோ ஏறி யார்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் சாப்பாட்டை மறந்துவிட்டார் என்று வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே நுழைந்தாள். வாசலில் நட்சத்திரத் தொழிலாளி என்று அவள் புருஷன் போட்டோ இருந்தது. கண் இரண்டும் விரியத் திறந்து, யாரோ பின்னாலிருந்து கிள்ளியதுபோல் அதில் சிரித்துக்கொண்டிருந்தான்.

கேன்டீன் வாசலில் அவள் நின்றுவிட்டாள். உள்ளே அறுபது ஆண்கள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அறுபது பேரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் சாப்பிடவில்லை. சோற்று அண்டா ததும்பத் ததும்ப அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் நெல்சன் ஒரு நாற்காலி போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நீலா படித்தவள் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் அங்கே நின்ற இரண்டு நிமிடத்தில் அவளுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், அறுபது ஆண்களுக்கு ஒரே நேரத்தில் வெளியே சோறு போட எவளாலும் முடியாது.

கருணாகரனைத் தனியாகக் கூப்பிட்டாள். "இங்க உங்களுக்கு இன்னாய்யா குட்க்கறானுங்க?"

"இன்னா குட்க்கறாங்க? டீ, சோறு. காலைல ஒரு சத்து மாத்திர."

"அந்த மாத்திரைய எட்த்துகினு வா."

அவன் சட்டைப்பையிலேயே இரண்டு மாத்திரைக் கீற்றுகள் இருந்தன. விடுமுறை நாளைக்கென்று முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். லீவு நாளிலும் ஆரோக்கியம் கெடக்கூடாது என்பதில் திருமுருகன் கவனமாக இருந்தார்.

மார்க்கெட் முனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் அப்துல் வஹாப் ஒரு கீற்றை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். பிறகு கண்ணாடியை இறக்கி நீலாவைப் பார்த்தார்.

"இது யாருக்கும்மா?"

"எங்க வூட்டுக்காரருக்கு. சத்து மாத்திரன்னு கம்பெனில குட்த்தாங்க பாய்."

"சத்தும் இல்ல ஒண்ணும் இல்ல. இது பசிய அடக்கற மாத்திர. ஒடம்பு ரொம்பப் பெருத்துப்போய் அதனால வியாதி வந்தவங்களுக்கு, டாக்டர் பாத்து, நெஞ்சப் பாத்து, பிரஷரப் பாத்து, கொஞ்ச நாளைக்கின்னு குடுக்கறது. மூளைய உசுப்பிவிட்ரும். பசி தெரியாது, தூக்கம் வராது, அலுப்பு தெரியாது. நெஞ்சு மட்டும் குதிர மாதிரி ஓடும். பிரஷர் இருக்கறவன் இதப் போட்டா பேஜாராப் பூடும்." அவர் கீற்றை மறுபடி திருப்பிப் பார்த்தார். "எத்தினி பேருக்குக் குடுக்கறாங்க?"

"அறுவது பேருக்கு."

"அறுவது பேருக்குமா?" அப்துல் வஹாப் கல்லாவை மூடிவிட்டு எழுந்து நின்றார். "ஒரு கீத்து என்கிட்ட இருக்கட்டும்மா. நான் எழுதிப்போட வேண்டிய எடத்துக்கு எழுதிப்போடறேன்."

அன்று சாயங்காலம் நீலா எல்லாவற்றையும் கருணாகரனிடம் சொன்னாள். அவன் நம்பினான். ஆனால் மாத்திரையை நிறுத்துவதாகச் சொல்லவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் ஆரோக்கிய விழா வருகிறது, மேடையில் பரிசு தரப்போகிறார்கள், அதுவரைக்கும் பார்க்கலாம் என்றான்.

"பரிசுக்காவ சாவப்போறியா?"

"அது இல்லமே." அவன் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தான். "பொறந்ததுலேர்ந்து பசிய தவிர எனுக்கு ஒண்ணும் தெரியாது. எப்பப் பாரு அட்த்த வேளையத்தான் நென்ச்சிகினு இருப்பேன். கல்யாணத்தன்னிக்கி உன் மூஞ்சியக்கூட அப்பால தான் பாத்தேன், பந்திதான் மொதல்ல பாத்தேன். இப்ப அது இல்ல. துன்னாமலே நிம்மதியா கீது. பணக்காரங்கல்லாம் இப்டித்தான் இருப்பாங்க போல."

நீலா அவன் தட்டிலிருந்த சோற்றைச் சட்டியில் திருப்பிக் கொட்டினாள். தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அது நடந்தது. பதினொரு மணி வெயிலில், கன்டெய்னர் ஒன்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது, கருணாகரனின் நெஞ்சு ஒரு முறை நின்று பிறகு பாய்ந்து ஓட ஆரம்பித்தது. விரல்கள் மரத்துப்போயின. எப்படியோ கன்டெய்னரைத் தரையில் இறக்கிவிட்டான். அதன் கீழே நின்ற மூன்று பேருக்கு அன்று என்ன தப்பியது என்பது இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. கூண்டைவிட்டு ஏணியில் இறங்கியவன் பாதியில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். கீழேயிருந்து இரண்டு பேர் ஏறிப் போய் அவனைக் கயிறு கட்டி இறக்கினார்கள்.

நர்ஸ் ரேகா ரத்த அழுத்தம் பார்த்தாள். பார்த்ததை நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். திருமுருகன் ஓடிவந்து, அவள் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "வெயில்னு எழுதும்மா" என்றார். அவள் நோட்டில் வெயில் என்று எழுதினாள். தகவல் கேட்டு ஓடிவந்த நீலா ஆம்புலன்ஸில் ஏறும்போது, ரேகா அவள் கையில் ஒரு துண்டுக் காகிதத்தைத் திணித்தாள். அதில் உண்மையான எண்கள் இருந்தன. அந்த ஒரு நாளின் எண் மட்டுமில்லை, ஒவ்வொரு வாரமும் ஏறிக்கொண்டே வந்த எண்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவனைப் படுக்கவைத்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, இந்த மட்டோடு போனது நல்லது என்றார் டாக்டர். மறுநாள் நீலாவின் போனுக்குத் திருமுருகன் பேசினார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். கேட்கவும் செய்தார், ஒரு வரி.

"அப்புறம் மேடம், நாளைக்கு விழா. ஹெட் ஆபீஸ்லேர்ந்து டைரக்டர் வரார். சார் வர முடியாதுன்னு தெரியும். பரவால்ல, அவர் சார்பா நீங்க வந்து பரிச வாங்கிக்கிட்டா நல்லா இருக்கும். குடும்பத்தோட பங்களிப்புன்னு ஒரு படம்கூட ரெடி பண்ணிருக்கோம்."

"வரேன் சார்" என்றாள் நீலா.

யார்டுக்குள் பந்தல் போட்டிருந்தார்கள். தொழிலாளர்களின் மனைவிமார்களும் வந்திருந்தார்கள். டைரக்டர் வடக்கேயிருந்து வந்தவர். ஒல்லியான, வெள்ளைச் சட்டை போட்ட மனிதர். திருமுருகன் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார். ஒன்று ஏறிக்கொண்டே போனது, அது வேலை. இன்னொன்று இறங்கிக்கொண்டே போனது, அது கேன்டீன் அரிசி. "நம்ம ஆளுங்க அளவா சாப்பிடக் கத்துக்கிட்டாங்க" என்று அவர் சொன்னபோது முன்வரிசையில் நெல்சன் பலமாகக் கைதட்டினார்.

நட்சத்திரத் தொழிலாளியின் மனைவியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பரிசு ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். நீலா அதை வாங்கிக் காலடியில் வைத்தாள். மைக்கைத் திருமுருகன் கையிலிருந்து மரியாதையாகவே வாங்கினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரைக் கீற்றை எடுத்தாள்.

"சார், எங்க ஆளுங்களுக்கு இத்தினி நாளா இந்த சத்து மாத்திர குட்த்தீங்க. ரொம்ப சந்தோசம். நீங்களும் எங்களுக்காவ ஒயிக்கிறீங்க. நீங்க ஒண்ணு போடுங்க, நான் பாக்கணும்."

கூட்டம் சிரித்தது. திருமுருகனும் சிரித்தார். "விழா முடியட்டும் மேடம்."

"தண்ணி நானே கொண்டாந்துக்கிறேன். சத்துதான, சும்மா போடுங்க."

"இல்ல மேடம், எனக்கு ஒத்துக்காது."

"ஏன் சார்?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக் திறந்திருந்தது. படபடப்பில் அவர் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது.

"எனக்கு பி.பி. இருக்கு."

"எங்க வூட்டுக்காரருக்கும் கீது சார்." நீலா ரேகா கொடுத்த காகிதத்தைப் பிரித்தாள். தப்பும் தவறுமாக, ஆனால் ஓர் எண்ணையும் விடாமல் படித்தாள். படித்து முடித்துவிட்டு முன்வரிசையைப் பார்த்தாள். "நெல்சன் அண்ணே, நீ வா. நீ ஒண்ணு போடு."

நெல்சன் எழுந்து நின்று சங்கடமாகச் சொன்னார்: "நான் சமையல் பண்றவன்மா. எனக்குப் பசி எடுக்கலன்னா எப்டி உப்பு காரம் பாக்கறது?"

அதோடு முடிந்தது. அறுபது பேரும் தங்கள் பைகளில் இருந்த கீற்றுகளை எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ராமசெல்வியின் குரல் கேட்டது. அவளுக்கும் யார்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, துணைக்கென்று வந்தவள். "பசிக்கிற வாய மூட்றதுக்கு மாத்திர கண்டுபுட்ச்சிக்கிறானுங்க. இன்னா கலீஜான வேல இது." தமிழ் தெரியாத டைரக்டர், நன்றியுரை நடக்கிறது என்று நினைத்துத் தலையாட்டிக் கைதட்டிக்கொண்டிருந்தார். ரேகாதான் மேடையேறி, அவருக்கு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கை பாதியில் நின்றது.

அதற்குப் பிறகு நடந்தவை வழக்கமாக நடப்பவைதான். அப்துல் வஹாப் எழுதிப்போட்ட கடிதத்தின் பேரில் அதிகாரிகள் வந்து மச்சினர் வீட்டு மாடியிலிருந்த பெட்டிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். மச்சினர் ஜாமீனில் வந்துவிட்டார், வழக்கு நடக்கிறது. கம்பெனி ஒரு விசாரணைக் குழு வைத்தது. திட்டத்தின் நோக்கம் உயர்ந்தது என்றும், அதைத் தொழிலாளர்களிடம் எடுத்துச் சொன்ன விதத்தில் மட்டுமே குறை என்றும் குழு கண்டுபிடித்தது. திருமுருகனை இதைவிடப் பெரிய யார்டு ஒன்றுக்கு மாற்றினார்கள். ரேகாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அப்துல் வஹாப் தன் கடையிலேயே அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

மாத்திரையை நிறுத்திய ஆட்கள் முதல் மூன்று நாள் நின்ற இடத்தில் தூங்கி விழுந்தார்கள். நாலாம் நாள் எல்லோருக்கும் சேர்த்துப் பசித்தது. பன்னிரண்டரைக்குத் திறந்த கேன்டீனில் ஒரு மணிக்குச் சோறு இல்லை. நெல்சன் மறுபடி உலை வைத்தார்.

சங்கத்துக்காரர்கள் பேச்சுவார்த்தைக்குப் போனபோது பெண்களும் கூடவே போனார்கள். நஷ்டஈடு, மருத்துவச் செலவு என்று சங்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தது. நீலா தன் பங்குக்கு ஒன்றே ஒன்று கேட்டாள். கேன்டீன்காரரும் புதிதாக வருகிற மேனேஜரும் தினம் மதியம் ஆட்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட வேண்டும். செலவில்லாத கோரிக்கை என்பதால் கம்பெனி அதை உடனே ஒப்புக்கொண்டு, ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்தது. நஷ்டஈடு இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.

ஒன்றரை மாதம் கழித்து கருணாகரன் வேலைக்குத் திரும்பினான். டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்த அழுத்த மாத்திரை ஒன்று இருந்தது. நீலா எதிரில் நின்று பார்த்தால்தான் விழுங்குவான். கிரேன் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று கீழே லாரி எண் குறிக்கும் வேலை கொடுத்திருந்தார்கள்.

முதல் நாள் மதியம் கேன்டீனில் அவனுக்கு ஒரு பக்கத்தில் புது மேனேஜர், மறுபக்கத்தில் நெல்சன். சாம்பாரை ஊற்றிய கருணாகரன் கையால் கிளறிப் பார்த்தான். பிறகு நெல்சனைப் பார்த்தான்.

"இன்னாண்ணே, பருப்பு கீது?"

"சாப்புடு, சாப்புடு" என்றார் நெல்சன், தட்டைவிட்டுத் தலையைத் தூக்காமல்.